சின்ன ‘ர’, பெரிய ‘ற’

பிறர் எழுதியதைத் திருத்திப் பிழைக்கும் தொழிலில் ஒரே ஒரு சௌகரியம், நாம் செய்யும் பிழையைத் திருத்த ஆளிருக்காது என்பதுதான் என்று நம்பித்தான் நான் இதில் சேர்ந்தேன். நோட்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தூங்கி விழுந்தவர்களே, விரல் இடுக்கில் சிவப்பு மை போகாமல் அதோடேயே சோறு பிசைந்து சாப்பிட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் பேசாமல் தலையை ஆட்டுவீர்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. புலவர் படிப்பை முடித்து, எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பெயரைப் பதிந்துவிட்டு, தூத்துக்குடியில் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். எனக்குச் சொந்த ஊர் ஆத்தூருக்குப் பக்கத்தில் ஆற்றங்கரைக் கிராமம். நெல்லும் வெற்றிலையும் தெரியும், கப்பல் தெரியாது. அப்போது கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி, பிழையில்லாமல் எழுதத் தெரிந்த சுமைத் தொழிலாளிகள் பரீட்சை எழுதி மேஸ்திரி ஆகலாம் என்று நோட்டீஸ் ஒட்டியது. அதற்காக, உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற ஒரு பழைய கிட்டங்கியில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு. பாடம் சொல்ல வாரத்தில் மூன்று நாள் நான், மூன்று நாள் ரெங்கநாயகி டீச்சர். அவர் பெண்கள் பள்ளி ஒன்றில் தமிழாசிரியை, ஆழ்வார்திருநகரிக்காரர். சந்திப்பிழையைக் கண்டால் சோற்றில் முடியைக் கண்டதுபோல முகம் சுளிப்பார். மாணவர்கள் பதினெட்டுப் பேர். எல்லாரும் என்னைவிட மூத்தவர்கள். பாதிப் பேருக்குக் கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்தார்கள்.

முதல் பாடம்

எழுத்துப் பயிற்சி என்றால் அடியிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். முதல் நாள் கரும்பலகையில் ‘அணில், ஆடு, இலை’ என்று குண்டு குண்டாக எழுதி, பக்கத்தில் ஓர் ஆட்டையும் வரைந்தேன். மூட்டை சுமந்து காய்த்துப்போன கைகளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு பதினெட்டுப் பேரும் மரியாதையாக அந்த ஆட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “எல்லாரும் சொல்லுங்க, ஆடு” என்றேன். சொன்னார்கள். அதில் பத்துப் பேர் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் படித்தவர்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வகுப்பு முடிந்து நான் சாக்பீஸ் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தபோது இபுறாகீம் காக்கா எழுந்து வந்தார். காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் ரொம்பப் பணிவாகச் சொன்னார்: “டீச்சர், ஆடு எங்களுக்கு நல்லாத் தெரியும், அறுத்துத் திம்போம். ஆப்பீசுக்கு எழுதத்தான் தெரியாது.”

மூன்று பக்கமும் நாலு வரியும்

அடுத்த வாரம் ‘நான் பார்த்த திருவிழா’ என்று கட்டுரை எழுதச் சொன்னேன். பேச்சிமுத்து அண்ணாச்சி மூன்று பக்கம் எழுதிக் கொண்டுவந்தார். வகுப்பில் வாயே திறக்காத மனிதர். குலசேகரன்பட்டினத்துத் தசராவுக்குக் காளி வேஷம் கட்டியதை எழுதியிருந்தார். முடியின் கனத்தில் கழுத்து வலித்தது, சொந்த மகளே பயந்து அழுதது, வேஷத்தைக் கலைத்த பிறகும் ரெண்டு நாள் தன் குரல் தனக்கே வேறு மாதிரி கேட்டது, எல்லாம் இருந்தது. இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு என் கண்ணில் பட்டவை பிழைகள் மட்டும்தான். ஒன்று விடாமல் சுழித்தேன். எழுபத்துநாலு. எண்ணிக்கையை அடியில் எழுதி, ரெண்டு கோடும் போட்டேன். நன்றாக உழைத்த திருப்தியோடு தூங்கினேன்.

அதற்கடுத்த வாரம் ‘நான் செய்யும் வேலை’ என்று கொடுத்தேன். பேச்சிமுத்து நோட்டில் நாலே வரி. “நான் வேலை செய்கிறேன். வேலை நல்லது. கப்பல் பெரியது. கடல் நீலம்.” ஒரு புள்ளிகூடத் தப்பில்லை. “என்ன அண்ணாச்சி, போன வாரம் மூணு பக்கம் எழுதுனீங்களே?” என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், நோட்டு அட்டையை நீவிக்கொண்டே சொன்னார்: “தப்பில்லாம எழுதத் தெரிஞ்சது இம்புட்டுத்தான் டீச்சர்.”

கொண்டல்

லூர்துசாமி அண்ணாச்சி வேறு ரகம். முத்துக்குளிப்பு நடந்த வருஷங்களில் கடலில் இறங்கிக் குளித்தவர். பிறகு சங்கு குளித்தார். காதில் வலி கண்டதும் கரையேறி மூட்டை தூக்க வந்தவர். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் மூச்சை அடக்கிக்கொள்வார், முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் விடுவார். அதனாலோ என்னவோ, அவருடைய வாக்கியங்கள் எல்லாம் ரொம்ப நீளம். ஒரு நாள் வள்ளம் கவிழ்ந்த கதையை எழுதியிருந்தார். அதில் ‘கொண்டல் ஓங்கி அடித்தது’ என்று ஒரு வரி. கொண்டல் என்றால் மேகம், மேகம் எப்படி அடிக்கும்? நான் அதைச் சுழித்து, ‘கொண்டல் பொழிந்தது’ என்று அழகாகத் திருத்திக் கொடுத்தேன். அவர் நோட்டை வாங்கிப் படித்துவிட்டுத் திரும்பி வந்தார். “நீங்க திருத்துனதுல மழ பேஞ்சிருச்சு டீச்சர். அன்னைக்கி மழையே கெடயாது. காத்துதான்.”

எனக்கு விட மனசில்லை. மறுநாள் ரெங்கநாயகி டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் எப்படியும் என் பக்கம்தான் பேசுவார் என்று தைரியம். அவர் அகராதியைக்கூட எடுக்கவில்லை. “கொண்டல்னா மேகம். கீழ்க்காத்துக்கும் அதுதான் பேர். அவர் சரியா எழுதியிருக்கார். நீதான் தப்பு” என்றார். நான் நோட்டை மூடப் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். “மூடாதே கோமதி. உன் திருத்தத்தைத் திருத்து. அதே சிவப்பு மையாலே.”

டவுசர்

எழுத்தில் ‘வருகிறேன், சொல்கிறான்’ என்று வர வேண்டும் என்று நான் அடித்து அடித்துச் சொல்வேன். ஒரு நாள் வகுப்பு வாசலில் என் அக்கா மகன் வந்து கூப்பிட்டான். “இருலே, இங்கன முடிச்சிட்டு வாரேன்” என்று கத்தினேன். திரும்பினால் பதினெட்டு முகத்திலும் சிரிப்பு. இபுறாகீம் காக்கா கையைத் தூக்கினார். “டீச்சர், வாயால ‘வாரேன்’ங்கீங்க, கையால ‘வருகிறேன்’ங்கீங்க. ரெண்டுல எது தப்பு?”

ரெண்டும் தப்பில்லை என்றேன். மூட்டை தூக்கும்போது டவுசர் போடுகிறோம், கல்யாண வீட்டுக்கு வேட்டி கட்டிக்கொண்டு போகிறோம், டவுசர் தப்பான துணியா என்ன, அதுபோலத்தான் இதுவும் என்று விளக்கினேன். சொல்லி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது. காக்கா பக்கத்தில் இருந்தவர்களிடம் திரும்பி, “அப்ப நாம ஒண்ணும் தப்பா எழுதலப்பா. டவுசரோட கல்யாணத்துக்கு வந்திட்டோம், அம்புட்டுத்தான்” என்றார்.

சிவப்பு மையை மூடி வைத்தேன்

பேச்சிமுத்துவின் நாலு வரி என்னை விடவில்லை. பிழையைக் காட்டிக் காட்டி ஒரு மனிதரைக் காளியிலிருந்து ‘கடல் நீலம்’ வரைக்கும் இறக்கிவிட்டோமே என்று மனசு அறுத்தது. அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். இனித் திருத்துவதில்லை. எழுதட்டும். பக்கம் பக்கமாக எழுதட்டும். நான் அடியில் ‘நன்று’ என்று நீல மையில் எழுதினேன். வகுப்பு களை கட்டியது. லூர்துசாமி ஒரு வாரத்தில் நோட்டை முடித்துவிட்டுப் புது நோட்டு கேட்டார். பேச்சிமுத்துகூட ஒன்றரைப் பக்கத்துக்கு ஏறினார்.

ரெங்கநாயகி டீச்சர் என் ‘நன்று’களை ஒரு சாயங்காலம் பூராவும் புரட்டிப் பார்த்தார். பரீட்சையில் திருத்துகிறவனுக்கு இவர்கள் யாரென்றே தெரியாது, அவன் ‘நன்று’ போட மாட்டான் என்றார். பயந்தவர் கையில் எழுத்து வராது என்று நான் சொன்னேன். பயப்படுத்தச் சொல்லவில்லை, சொல்லிக்கொடுக்கத்தான் சொன்னேன் என்றார் அவர். ரெண்டு பேரும் குரலை உயர்த்தவில்லை, ஆனால் கிட்டங்கிக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்ற அரைமணி நேரமும் அதே பேச்சுத்தான். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டு, ஜன்னல் வழியாகச் சொன்னார்: “நீ திருத்தலேன்னா அவாளுக்குச் சந்தோஷம், உனக்கும் சந்தோஷம். ரெண்டு பேர் சந்தோஷத்துக்கு நடுவிலே அவா பரீட்சை போயிடும்.”

இரந்தவர்

அதற்கப்புறம் பத்து நாள் இருக்கும். பேச்சிமுத்து அண்ணாச்சி வகுப்பு தொடங்குவதற்கு முன்னாலேயே வந்து, நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார். “டீச்சர், நான் ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கப்படாது. ஏன் இப்பம் திருத்த மாட்டேங்கீங்க?” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரே ஒரு கதை சொன்னார். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருடைய அப்பா இறந்துபோனார். அப்போது வேலை பார்த்த இடத்தில் லீவு கேட்டுச் சொந்தக் கையால் எழுதிக் கொடுத்தார். ‘என் தகப்பனார் இரந்துவிட்டபடியால்’ என்று எழுதியிருந்தார். பெரிய ‘ற’ போட வேண்டிய இடத்தில் சின்ன ‘ர’ விழுந்துவிட்டது. இரப்பது என்றால் பிச்சை கேட்பது என்று அன்றுவரை அவருக்குத் தெரியாது. அங்கிருந்த கிளார்க்குக்குத் தெரிந்திருந்தது.

அவன் அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கப் படித்தானாம். “யாருகிட்ட வே இரந்தாரு உம்ம அப்பா? ஏதாவது போட்டாங்களா?” என்று கேட்டானாம். ஆப்பீஸ் முழுக்கச் சிரிப்பு. அப்பாவின் உடம்பு வீட்டில் கிடக்கிறது, இவர் லீவுச் சீட்டுக்காக அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றுகொண்டிருந்திருக்கிறார். சொல்லி முடித்ததும் அவர் கண் கலங்கவில்லை, எனக்குத்தான் கலங்கியது. நோட்டை என் பக்கம் நகர்த்தினார். “நீங்க திருத்தாம விட்டா வேற எவனாவது திருத்துவான் டீச்சர். அவன் சிரிச்சிக்கிட்டே திருத்துவான்.”

ரெண்டு ‘ர’

அன்றைய பாடம் அதுதான். பேச்சிமுத்து தன் கதையை வகுப்பில் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்தார். கதையைக் கேட்டு ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு கரை, கறை, அரை, அறை, இரை, இறை என்று பலகையில் ஜோடி ஜோடியாக எழுதினேன். எந்த ‘ர’ எங்கே என்று வாயால் சொல்லிப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்துப் பேச்சில் ரெண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். காதை நம்ப முடியாது, கண்ணைத்தான் பழக்க வேண்டும் என்றேன். தப்பை இனி இப்படித் திருத்துவது என்று நாங்களே ஓர் ஏற்பாடும் செய்துகொண்டோம். முதலில் எழுதியதைப் பூராவும் படித்துவிட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவேன். அப்புறம் ஒரு நோட்டில் ஐந்து பிழைக்குமேல் சுழிக்க மாட்டேன். அந்த ஐந்தும் சரியான பிறகுதான் அடுத்த ஐந்து.

இதெல்லாம் பேசி முடிக்கும்போது பேச்சிமுத்து இன்னும் இறுக்கமாகவே உட்கார்ந்திருந்தார். இபுறாகீம் காக்கா அவர் தோளில் கை போட்டு, “நாங்க ‘மவுத்தாயிட்டாக’ன்னு எழுதிப்புடுவோம் அண்ணாச்சி. சின்ன ‘ர’வும் கெடயாது, பெரிய ‘ற’வும் கெடயாது. செத்தவுக நிம்மதியாப் போவாக” என்றார். பேச்சிமுத்து வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

வடம்

பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அது நடந்தது. மூட்டைகளைக் கட்டித் தூக்கும் வடம் அறுந்து, கீழே நின்ற இபுறாகீம் காக்காவின் இடது காலில் மூட்டை விழுந்தது. எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூட வேலை பார்த்தவர்கள் நடந்ததை எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கம்பெனி கேட்டது. லூர்துசாமி எழுதினார், பேச்சிமுத்துவும் இன்னும் ரெண்டு பேரும் கூட இருந்தார்கள். எழுதியதை என்னிடம் கொண்டுவந்து, யாரும் சிரிக்காத மாதிரி திருத்திக் கொடுங்கள் என்றார்கள். ‘வடம் இத்துப்போய்க் கெடந்துச்சு. காலைலயே மேஸ்திரிட்ட சொன்னோம். இன்னைக்கி ஒரு நாள் ஓட்டுங்க, நாளைக்கி மாத்திருதேன்னாரு. தூக்குனோம். அந்துபோச்சு’ என்று இருந்தது.

அவர்களுக்காக நான் என் படிப்பையெல்லாம் அதில் கொட்டினேன். ‘வடத்தின் நிலை குறித்து முன்னரே தெரிவிக்கப்பட்டிருந்தது. எனினும் பணியைத் தொடருமாறு பணிக்கப்பட்டது. எதிர்பாராத விதமாக வடம் அறுந்து விபத்து நேரிட்டது’ என்று நல்ல தாளில் நகல் எடுத்துக் கொடுத்தேன். லூர்துசாமி வாங்கி ஒரு தடவை படித்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு மெதுவாக மூச்சை விட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்க எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல டீச்சர். யாரு மேலயும் தப்பே இல்ல.”

எழுவாய்

அன்று ரெங்கநாயகி டீச்சரின் முறை இல்லை. ஆள் அனுப்பி வரவழைத்தேன். லூர்துசாமி எழுதியதையும் நான் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். என் தாளில்தான் முதலில் சிவப்பு மை விழுந்தது. “தெரிவிக்கப்பட்டதுன்னு எழுதியிருக்கே. யார் தெரிவிச்சா? பணிக்கப்பட்டதாம். யார் பணிச்சா? எழுவாய் எங்கேடீ?” என்றார். நான் திருத்தமான நடை என்று நினைத்தேன் என்றேன். லூர்துசாமியின் வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். ‘கெடந்துச்சு’ கிடந்தது ஆயிற்று, ‘மேஸ்திரிட்ட’ மேஸ்திரியிடம் ஆயிற்று, ‘அந்துபோச்சு’ அறுந்தது ஆயிற்று. ‘இத்துப்போய்’ அப்படியே இருக்கட்டும், அதைவிட நல்ல சொல் இல்லை என்று டீச்சரே சொன்னார். வரிசையோ, சொன்ன விஷயமோ, ஓர் இழைகூட மாறவில்லை.

மேஸ்திரியின் பெயரைப் போட வேண்டிய இடம் வந்ததும் லூர்துசாமியின் பேனா நின்றது. பெயரைப் போட்டால் பரீட்சையில் உட்காரவே விடமாட்டார்கள் என்று துறைமுகத்தில் பேச்சு. அப்படி ஆனால் அதிகம் இழக்கப்போகிறவர், தேறுவது நிச்சயம் என்று எல்லாரும் நம்பியிருந்த பேச்சிமுத்து. அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். எதையும் கேட்காமல் அடியில் முதல் கையெழுத்தைப் போட்டார். ரெங்கநாயகி டீச்சர் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார், பிறகு லூர்துசாமியிடம் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “சொன்னவனுக்குப் பேர் இருக்கோன்னோ? எழுதுங்கோ.”

மேனேஜர் படித்தது

மேனேஜரிடம் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் பேச்சிமுத்துதான். திரும்பி வந்து சொன்னார். மேனேஜர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார், கழற்றிவிட்டு ஒரு தடவை படித்தார், கம்பெனி கிளார்க்கைக் கூப்பிட்டு அவனையும் படிக்கச் சொன்னார். யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். நாங்கதான் என்றார் பேச்சிமுத்து. அந்த வாரத்திலேயே வடங்கள் எல்லாம் மாறின. அந்த மேஸ்திரியை வேறு வேலைக்கு அனுப்பினார்கள். இபுறாகீம் காக்காவின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. ரெண்டு மாதம் கழித்து அவர் லேசாக நொண்டிக்கொண்டு வந்தபோது, வாசலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்தது. பரீட்சைக்கும் யாரையும் தடுக்கவில்லை.

எழுத்து என்ன செய்துவிடும் என்று நான் பெரிதாக நினைக்கிறவள் இல்லை. விஷயம் உண்மையாக இருந்தது, நாலு பேர் கையெழுத்து இருந்தது, அதனால் நடந்தது. ஆனால் பேச்சிமுத்து வேறு விதமாகப் பார்த்தார். மேனேஜரும் கிளார்க்கும் தாளைப் புரட்டிய அந்த நேரத்தைத் திரும்பத் திரும்ப விவரித்துவிட்டு, கடைசியில் சொன்னார்: “சிரிக்கதுக்கு ஒரு எழுத்துகூட அவனுகளுக்குக் கெடைக்கல டீச்சர்.”

பத்து வரி

பரீட்சையில் ஒரே ஒரு கேள்விதான் பெரியது. ‘உமது வேலையைப் பற்றிப் பத்து வரிகளில் எழுதுக.’ ஆஸ்பத்திரியில் கிடந்த காக்கா நீங்கலாகப் பதினேழு பேர் எழுதினார்கள், பதினொரு பேர் தேறினார்கள். பேச்சிமுத்து சரியாகப் பத்து வரி எழுதித் தேறினார். லூர்துசாமி தேறவில்லை. ரெங்கநாயகி டீச்சர் விசாரித்துவிட்டு வந்தார். பிழை அதிகமில்லையாம், மொத்தமே ஏழெட்டுத்தானாம். ஆனால் ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். வினாவுக்கு விடையில்லை என்று ஓரத்தில் எழுதி, முட்டை போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு டீச்சருக்கும் எனக்கும் சண்டை போட ஒன்றுமில்லை. ரெண்டு பேருக்கும் ஒரே துக்கம்.

கொஞ்ச நாளில் எனக்கு அரசாங்க வேலைக்கு ஆர்டர் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது லூர்துசாமி அண்ணாச்சி கப்பலடியில் மூட்டைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் பத்து வரியோடு நிறுத்திவிடுங்கள், கட்டாயம் தேறிவிடுவீர்கள் என்றேன். அவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, கோபமில்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்: “பத்து வரியில அடங்குற வேலையா டீச்சர் நான் பாத்தேன்?”

திருத்துவது நல்லதா, திருத்தாமல் விடுவது நல்லதா என்ற அந்த வழக்கில் இந்த இருபத்தைந்து வருஷமாக நான் இரண்டு கட்சிக்கும் சாட்சி சொல்லி வருகிறேன், இரண்டு பக்கமும் உண்மையைத்தான் சொன்னேன் என்பதுதான் சங்கடம்.